ஒரே அனிட்டா, இரண்டு ஆஸ்கர்: வெஸ்ட் சைட் ஸ்டோரி ரீமேக்கில் நடிகர் தேர்வு எதை மாற்றியது?

பழைய படத்தையோ டிவி தொடரையோ திரும்ப எடுக்கும்போது சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவரை முக்கிய வேடத்தில் போட்டால், அமெரிக்காவில் இப்போதெல்லாம் படம் வருவதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. 2019 ஜூலையில் கறுப்பின நடிகை ஹாலி பெய்லியை லிட்டில் மெர்மெய்ட் படத்தின் ஏரியலாக அறிவித்தபோது நடந்ததைப் பார்த்தோம். கடற்கன்னி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஊர் ரெண்டுபட்டது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதைவிடப் பழைய, அதைவிடச் சிக்கலான ஒரு நிகழ்வு: வெஸ்ட் சைட் ஸ்டோரி. நியூயார்க் தெருக்களில் இரண்டு இளைஞர் கும்பல்கள் மோதுகின்றன, வெள்ளையர்களின் ஜெட்ஸ், புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் ஷார்க்ஸ்; ஜெட்ஸ் பக்கத்து டோனிக்கும் ஷார்க்ஸ் தலைவன் பெர்னார்டோவின் தங்கை மரியாவுக்கும் காதல். 1961இல் ஒரு படம், 2021இல் இன்னொரு படம். கதை ஒன்றுதான், பாட்டுகளும் அதேதான், இரண்டிலும் நடித்த நடிகை ஒருவர் இருக்கிறார். அதனால் எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஏரியல் மாதிரி வேடங்களில் இனம் கதையின் பகுதியே இல்லை, யார் வேண்டுமானாலும் நடிக்கலாம், அங்கே எழும் சண்டை பழக்கத்தைப் பற்றிய சண்டை. மரியா, பெர்னார்டோ, அவன் காதலி அனிட்டா அப்படியில்லை. அவர்கள் தொடக்கத்திலிருந்தே அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்களாக எழுதப்பட்டவர்கள், கதையே அதில்தான் நிற்கிறது. ஆனால் முதல் படத்தில் அந்த வேடங்களில் பெரும்பாலும் வேறு ஆட்களுக்குச் சாயம் பூசி நிறுத்தினார்கள். அதனால் இங்கே ரீமேக் என்பது புதுமை செய்கிற வேலை மட்டும் கிடையாது, பழைய தவறு ஒன்றைத் திருத்துகிற வேலையும்கூட. இப்படிப்பட்ட இடத்தில் முகத்தை மட்டும் மாற்றினால் பாதி வேலைகூட ஆகாது என்பதுதான் என் கருத்து. அந்த நடிகர் உள்ளே வந்த பிறகு வசனம் மாறியதா, மொழி மாறியதா, "இது சரியில்லை" என்று அவர் சொன்னால் கேட்க ஆள் இருந்ததா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும்.

முதல் படம் எப்படி எடுக்கப்பட்டது

இந்தக் கதை புவேர்ட்டோ ரிக்கோ மக்களைப் பார்த்து எழுதியதே இல்லை. 1949இல் நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸ் யோசித்தது, ரோமியோ ஜூலியட் கதையை நியூயார்க்கின் கிழக்குப் பகுதிக்குக் கொண்டுவந்து, யூதக் குடும்பத்துக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் நடுவே காதலை வைப்பது. அது நகரவில்லை. 1955இல் லாஸ் ஏஞ்சலஸில் இளைஞர் கும்பல்களின் மோதல் பற்றிப் பத்திரிகையில் படித்த பிறகுதான், இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனும் கதை எழுதிய ஆர்தர் லாரன்ட்ஸும் அதே சூட்டை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களைக் கதைக்குள் நுழைத்தார்கள். பாடல் எழுத அழைக்கப்பட்ட ஸ்டீபன் சாண்ட்ஹைம், தான் அவ்வளவு ஏழையாக இருந்ததில்லை, ஒரு புவேர்ட்டோ ரிக்கோக்காரரைக்கூடத் தெரியாது என்று சொல்லித் தயங்கினார். இதை அவரே பின்னாட்களில் பலமுறை சொல்லியிருக்கிறார். இருந்தாலும் எழுதினார். 1957 செப்டம்பரில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் நாடகம் ஏறியது. அந்தத் தீவை வெப்பமண்டல நோய்களின் தீவு என்று பாடிய வரிக்கு அப்போதே எதிர்ப்பு வந்தது. நால்வரும் மேதைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்த இசையை இன்று கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் தெரியாத ஒரு சமூகத்தைத் தேவைக்காக எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. அடித்தளம் இப்படிப் போடப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இது திரும்ப வரும்.

1961 படத்தில் மரியாவாக நடித்தவர் நேட்டலி வுட், ரஷ்யக் குடியேறிகளின் மகள். பாட்டுக்குக் குரல் அவருடையதுகூட இல்லை, மார்னி நிக்சன் பாடினார். அனிட்டாவின் காதலன் பெர்னார்டோவாக நடித்த ஜார்ஜ் சகிரிஸ் கிரேக்க வம்சாவளி அமெரிக்கர். லண்டன் மேடையில் இதே நாடகத்தில் அவர் எதிர்க் கும்பலின் தலைவன் ரிஃப் வேடத்தில் நடித்திருந்தார். அதாவது ஒரே ஆள் மேடையில் வெள்ளைக்காரப் பையன், படத்தில் சாயம் பூசிக்கொண்டு புவேர்ட்டோ ரிக்கோப் பையன்! இதை அன்று யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. முக்கிய வேடங்களில் உண்மையிலேயே புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர் ஒருவர்தான், அனிட்டாவாக நடித்த ரீட்டா மொரேனோ. 1931இல் ஊமகாவோ நகரில் பிறந்து, ஐந்து வயதில் அம்மாவோடு நியூயார்க்குக்கு வந்தவர்.

அவருக்கும் சாயம் பூசினார்கள். நம்ப முடிகிறதா? ஷார்க்ஸ் கும்பலில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் அடர்த்தியான மேக்கப், மண்ணைக் குழைத்து அப்பியதுபோல. புவேர்ட்டோ ரிக்கோ மக்களில் ஆப்பிரிக்க வம்சம், ஸ்பானிய வம்சம், தீவின் பூர்வகுடி தாய்னோ வம்சம் எல்லாம் கலந்திருக்கிறது, ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தங்கை இரண்டு நிறத்தில் இருப்பார்கள். இதை மொரேனோ மேக்கப்காரரிடம் சொல்லி, "ஏன் எல்லோரும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும்" என்று கேட்டபோது, அந்த மனிதர் திருப்பிக் கேட்டது: நீ என்ன, இனவெறி பிடித்தவளா? மொரேனோ இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வாயடைத்துப் போனாராம்.

இந்தக் காட்சிக்குள்தான் என் வாதத்தின் பாதி இருக்கிறது. சரியான நடிகை அங்கே இருந்தார். அந்த மண்ணில் பிறந்தவர், திறமைசாலி, தவறு எங்கே என்று விரல் வைத்துக் காட்டவும் செய்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. நடிகர் பட்டியலில் ஒரு பெயர் சரியாக இருந்ததால் படம் சரியாகிவிடவில்லை.

படம் 11 ஆஸ்கர் பரிந்துரை பெற்று 10 வாங்கியது. மொரேனோவுக்கும் கிடைத்தது, சகிரிஸுக்கும் கிடைத்தது. அப்புறம் என்ன நடந்தது? மொரேனோவுக்கு வந்ததெல்லாம் இன்னும் கும்பல் படங்கள், இன்னும் அனிட்டாவின் நகல்கள். அவற்றை மறுத்ததால் பல ஆண்டுகள் சினிமா வாய்ப்பே இல்லாமல் இருந்ததாக அவர் சொல்கிறார். ஆஸ்கர் வாங்கிய ஒரு வெள்ளை நடிகைக்கு இது நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அவர் மேடைக்கும் டிவிக்கும் போய் இசைக்கான கிராமி, மேடைக்கான டோனி, டிவிக்கான எம்மி விருதுகள் மூன்றையும் வாங்கிவிட்டார், அது அவருடைய உழைப்பு. ஹாலிவுட் கொடுத்த வாழ்வு இல்லை.

நடுவில் நடந்த ஒரு முயற்சி

2021 படத்துக்கு நேராகத் தாவிவிட முடியாது. 2009இல் ஆர்தர் லாரன்ட்ஸ், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், பிராட்வேயில் நாடகத்தைத் திரும்ப இயக்கினார். ஷார்க்ஸ் தங்களுக்குள் பேசும்போது எதற்கு ஆங்கிலம் பேச வேண்டும் என்ற நியாயமான கேள்வியிலிருந்து தொடங்கி, புவேர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்த லின் மனுவேல் மிராண்டாவை அழைத்துச் சில பாடல்களை ஸ்பானிஷில் எழுதவைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் பார்வையாளர்கள் பலருக்குக் கதையின் முக்கியமான இடங்கள் புரியவில்லை என்று சில மாதங்களிலேயே சில வரிகள் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டன.

அடுத்தது 2018 ஏப்ரலில். லண்டனில் பிபிசி ப்ராம்ஸ் கச்சேரியில் மரியாவாகப் பாட அறிவிக்கப்பட்டிருந்த சியரா பாகஸ் என்ற பிராட்வே பாடகி, எதிர்ப்பு வந்ததும் யோசித்து, இந்த வேடத்தை லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்தான் பாட வேண்டும் என்று தானே விலகிக்கொண்டார். அவர் வெள்ளையர், பெரிய பாடகி, எதிர்ப்பைக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 2021 படத்தின் இயக்குநர் ஸ்பீல்பெர்க் தன் மரியாவைத் தேடிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுதான். அதாவது 2021 படத்தின் நடிகர் தேர்வு யாரோ ஒரு இயக்குநரின் பெருந்தன்மையால் நடந்ததாக நினைக்கத் தேவையில்லை. அதற்குள் காற்று மாறிவிட்டிருந்தது, பழைய முறையில் எடுத்திருந்தால் யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

2021இல் செய்தது

ஷார்க்ஸ் தரப்பில் நடிக்கிற ஒவ்வொருவரும் லத்தீன் வம்சாவளியாக இருக்க வேண்டும் என்பதில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் விடாப்பிடியாக இருந்தார். 2018 ஜனவரியில் ட்விட்டரில் பொது அழைப்பு விட்டார்கள், 30,000க்கும் மேற்பட்டவர்கள் வீடியோ அனுப்பினார்கள். அதில் நியூ ஜெர்சியிலிருந்து பள்ளி மாணவி ரேச்சல் ஜெக்லர் பாடி அனுப்பிய வீடியோவும் ஒன்று. அவரே மரியாவானார், தன் குரலிலேயே பாடினார். 'பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை' என்று தயாரிப்பாளர்கள் எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சாக்குக்கு இதைவிட நேரான பதில் இல்லை. தேடினால் கிடைக்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட்டுகள் நாலு பேரிடம் மட்டும் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்வதைத் தேடுதல் என்று சொல்ல முடியாது.

பெர்னார்டோவாக டேவிட் அல்வாரெஸ், கியூபப் பெற்றோரின் மகன். அனிட்டாவாக அரியானா டிபோஸ், புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளி அப்பாவுக்குப் பிறந்தவர், கறுப்பின லத்தீனா என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். இவருடைய தேர்வைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஆடிஷனில் அவர் ஸ்பீல்பெர்க்கிடம் நேராகச் சொல்லிவிட்டார்: இந்த வேடத்தில் கறுப்பின லத்தீன் அடையாளத்தைத் தொட்டுப் பேசுகிற எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் என்னை எடுக்காதீர்கள். வாய்ப்புக்காகக் காத்திருக்கிற ஒரு நடிகை, உலகத்தின் பெரிய இயக்குநர்களில் ஒருவரிடம். மொரேனோ மேக்கப் நாற்காலியில் கேட்ட அதே கேள்விதான் கிட்டத்தட்ட, ஆனால் இந்த முறை கேட்கப்பட்டது, திரைக்கதையில் ஏறவும் செய்தது. படத்தில் அனிட்டாவின் நிறம் ஷார்க்ஸ் வீட்டுக்குள்ளேயே ஒரு விஷயமாக இருக்கிறது. தான் கறுப்பி என்பதால்தான் இந்தக் குடும்பத்தில் தன்னை முழுதாகச் சேர்க்கவில்லையோ என்ற குத்தல் அவள் பேச்சில் வருகிறது. ஒடுக்கப்படுகிற சமூகத்துக்குள்ளும் நிறத்தைப் பார்த்து மேல் கீழ் பிரிப்பார்கள் என்பதை இந்தக் கதை முன்பு எப்போதும் சொன்னதில்லை. சாயம் பூசி எல்லோரையும் ஒரே நிறமாக்கிய படத்தில் அது எப்படி வரும்?

திரைக்கதை எழுதிய டோனி குஷ்னர் செய்த வேலை நடிகர் தேர்வைவிடப் பெரியது என்றுகூடச் சொல்வேன். கதை நடக்கிற தெருக்களுக்கு முதல்முறையாக ஒரு வரலாறு கொடுத்தார். லிங்கன் சென்டர் என்ற கலை அரங்க வளாகம் கட்டுவதற்காக சான் வான் ஹில் பகுதி இடிக்கப்படுகிறது, அங்கே வாழ்ந்த ஏழைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ, வெள்ளைக் குடும்பங்கள் எல்லாம் வெளியேற்றப்படுகின்றன. ஜெட்ஸும் ஷார்க்ஸும் அடித்துக்கொள்கிற தெருவே சீக்கிரம் இருக்கப்போவதில்லை. இது கற்பனை கிடையாது, 1950களின் கடைசியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் துரத்தப்பட்டன. 1961 படத்தின் தொடக்க நடனத்தில் ஒரு பகுதியை எடுத்ததே இடிபடக் காத்திருந்த அந்தத் தெருக்களில்தான். பழைய படத்தில் அது வெறும் பின்னணி, புதிய படத்தில் அது கதை.

படத்தின் ஆரம்பத்தில் ஜெட்ஸ் போய்ப் பெயிண்ட் ஊற்றி அசிங்கப்படுத்துவது சுவரில் வரைந்த புவேர்ட்டோ ரிக்கோக் கொடியை. அந்தத் தீவில் 1948இல் கொண்டுவந்த வாய்ப்பூட்டுச் சட்டத்தின்படி அந்தக் கொடியை வைத்திருந்தாலே சிறை, 1957 வரை அந்தச் சட்டம் இருந்தது. போலீஸ் வந்து விரட்டும்போது ஷார்க்ஸ் பாடுவது லா போரிங்கேன்யா என்ற பாட்டின் பழைய புரட்சி வடிவம், 1868 எழுச்சியின்போது லோலா ரோட்ரிகெஸ் தே தியோ எழுதியது. ஒரு நிமிடம்கூட இல்லாத காட்சி. ஆனால் பாடுகிற முகங்களில் இருக்கிற வேகத்தைப் பாருங்கள். 1898இல் அமெரிக்கா பிடித்துக்கொண்ட தீவு, 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், அப்படியிருந்தும் சொந்த நாட்டின் நகரத்திலேயே வந்தேறிகள் என்று பேச்சு வாங்குகிறவர்கள். இதெல்லாம் தெரிந்த ஆட்கள் பாடினால்தான் அந்தப் பாட்டு அப்படி வரும். வெளியூர் ஆளுக்கு மெட்டு மட்டும் வந்திருக்கும்.

அடுத்தது ஸ்பானிஷ் வசனம். நிறைய இருக்கிறது, ஒரு வரிக்கும் சப்டைட்டில் போடவில்லை. சப்டைட்டில் போட்டால் ஆங்கிலத்துக்கு ஸ்பானிஷின் மேல் அதிகாரம் கொடுத்ததாகிவிடும் என்றார் ஸ்பீல்பெர்க். 2009 நாடகம் தோற்ற இடத்தில் இது ஜெயித்தது. பாட்டுகளை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, பேச்சில் மட்டும் இரண்டு மொழியையும் கலந்தார்கள், வீட்டில் நிஜமாகவே பேசுகிற மாதிரி. அதிலும் அனிட்டா எப்போதும் "இங்கிலீஷில் பேசு, இங்கிலீஷில் பேசு" என்று வீட்டில் எல்லோரையும் விரட்டுகிறவள். முன்னேற வேண்டும், கடை வைக்க வேண்டும், இந்த ஊரில் ஆளாக வேண்டும் என்று கனவு அவளுக்கு. அந்தக் கனவு உடைகிற இடத்தை இப்போது பார்க்கலாம்.

கடைக்குள் நடப்பது

பெர்னார்டோ செத்துவிட்டான். கொன்றவன் டோனி. அவனைக் காதலிக்கிற மரியா, சேதி சொல்ல அனிட்டாவை அனுப்புகிறாள். அனிட்டா தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு டோனி வேலை பார்க்கும் கடைக்குப் போகிறாள். உள்ளே ஜெட்ஸ். கேலியில் தொடங்கி, வழிமறிப்பாகி, கடைசியில் அவளைக் கீழே தள்ளிப் பலாத்காரம் செய்யப் போகிறார்கள். இரண்டு படத்திலும் உள்ள காட்சி இது.

1961இல் இதை எடுக்கும்போது மொரேனோ நடுவில் உடைந்து அழுதுவிட்டார். அவர்கள் சொன்ன வசவுகள் அவருக்கு வசனமாகக் கேட்கவில்லை, நியூயார்க்கில் சின்ன வயதில் தெருவில் கேட்ட அதே வசவுகள். கூட நடித்த பையன்கள் பதறிப்போய்ச் சுற்றி நின்று சமாதானப்படுத்தினார்களாம். படத்தில் கடைக்காரர் டாக் வந்து தடுக்கிறார், நல்ல மனம் கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்.

2021இல் டாக் இல்லை. அவர் இறந்துவிட்டார், கடையை நடத்துவது அவருடைய விதவை மனைவி வாலன்டினா, புவேர்ட்டோ ரிக்கோப் பெண். நடித்தவர் ரீட்டா மொரேனோ. முதலில் தலைகாட்டிவிட்டுப் போகிற வேடம் என்று நினைத்து, அந்த மாதிரி வேடமெல்லாம் தனக்கு வேண்டாம் என்று ஸ்பீல்பெர்க்கிடம் சொன்னவர், குஷ்னர் எழுதியதைப் பார்த்த பிறகே சம்மதித்தார். படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர், எண்பத்தேழு வயதில். இப்போது யோசித்துப் பாருங்கள்: டிபோஸ் கீழே கிடக்கிறார், கதவைத் திறந்துகொண்டு மொரேனோ வந்து அந்தப் பையன்களை நிறுத்துகிறார், சின்னப் பிள்ளைகளாக இருந்ததிலிருந்து உங்களைத் தெரியும் என்கிறார், பிறகு அவர்கள் யார் என்று முகத்துக்கு நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பலாத்காரம் செய்கிறவர்கள் என்று. பழைய அனிட்டா வந்து புதிய அனிட்டாவைத் தூக்கிவிடுகிறாள். வாசலில் நின்று அனிட்டா சொல்கிறாள், ஸ்பானிஷில்: நான் அமெரிக்கக்காரி இல்லை, புவேர்ட்டோ ரிக்கோக்காரி. படம் முழுக்க இங்கிலீஷ் இங்கிலீஷ் என்றவள்!

இந்த இரண்டு நிமிடத்தில் நடிகர் தேர்வு, எழுத்து, மொழி மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. சாயம் பூசிய யாராவது இந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். சரியான நடிகையே இருந்தும் குஷ்னர் இதை எழுதாமல் இருந்திருந்தால் சொல்வதற்கு வசனமே இருந்திருக்காது. 2022 மார்ச் 27 அன்று டிபோஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஒரே கதாபாத்திரத்துக்காக இரண்டு பேர் ஆஸ்கர் வாங்கியது அதற்கு முன் காட்ஃபாதர் படங்களின் விட்டோ கார்லியோனிக்கும் ஜோக்கருக்கும்தான்; பெண்களில் இவர்களே முதல்.

எங்கே நின்றுபோனது

படம் வந்த பிறகு புவேர்ட்டோ ரிக்கோ எழுத்தாளர்கள் பலர் கேட்ட கேள்விகளை நான் தள்ளிவிட மாட்டேன். மரியாவாக நடித்த ஜெக்லரின் அம்மா வழி கொலம்பியா, அப்பா போலந்து வம்சாவளி. பெர்னார்டோ கியூப வம்சாவளி. லத்தீன் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் பழைய ஒற்றை மேக்கப்பின் தூரத்துச் சொந்தம் இல்லையா என்று அவர்கள் கேட்டார்கள். புவேர்ட்டோ ரிக்கோ பாத்திரங்களில் நடித்த 33 பேரில் 20 பேர் அந்தத் தீவையோ அந்த வம்சத்தையோ சேர்ந்தவர்கள் என்று ஸ்பீல்பெர்க் பதில் சொன்னார். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது, ஏனென்றால் தலைமை வேடங்களில் கணக்கு அப்படி இல்லை. அதே சமயம் ஒவ்வொரு வேடத்துக்கும் பிறந்த ஊர்ச் சான்றிதழ் கேட்டால் நடிப்பு என்ற ஒன்றே மிஞ்சாது, அதுவும் தெரிகிறது. பேச்சு வழக்குக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள், 2018 டிசம்பரில் ஸ்பீல்பெர்க்கும் குஷ்னரும் புவேர்ட்டோ ரிக்கோப் பல்கலைக்கழகத்துக்கே போய் மாணவர்களின் கேள்விகளுக்கு முன் உட்கார்ந்தார்கள். 1961இல் இப்படி ஒரு எண்ணம்கூட யாருக்கும் வந்திருக்காது. ஆகவே இதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

பணக் கணக்கில் படம் தோற்றது. சுமார் 10 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் ஏறக்குறைய 7.6 கோடி. உடனே "இதையெல்லாம் செய்தால் இப்படித்தான்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. படம் வந்தது 2021 டிசம்பர் 10, ஒமிக்ரான் பரவத் தொடங்கிய வாரங்கள். இசைப் படத்துக்கு வருகிற வயதான பார்வையாளர்கள் தியேட்டர் பக்கமே தலைவைக்காத காலம். அதே ஆண்டு ஜூனில் வந்த இன் த ஹைட்ஸ் இசைப் படமும் வசூலில் படுத்தது. எனிபடிஸ் என்ற திருநர் பாத்திரம் இருப்பதால் சவூதி, அமீரகம் உட்பட வளைகுடா நாடுகள் சிலவற்றில் படம் திரையிடப்படவே இல்லை. இத்தனையும் இருக்க, ஷார்க்ஸை லத்தீன் நடிகர்கள் நடித்ததுதான் காரணம் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. 2023இல் அதே டிஸ்னி வெளியிட்ட, கறுப்பின ஏரியல் நடித்த லிட்டில் மெர்மெய்ட் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதை இந்தக் கூட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

உள்ளே வந்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்பது வேறு கேள்வி, அங்கே நிலைமை இன்னும் மோசம்தான். 2022 ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் வெஸ்ட் சைட் ஸ்டோரி இருந்தது, அதன் கதாநாயகி ஜெக்லருக்கு முதலில் அழைப்பே இல்லை. அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகே விருது வழங்க மேடைக்கு அழைத்தார்கள். டிவி உலகத்திலிருந்து ஓர் உதாரணமும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். 1968இல் தொடங்கிய ஹவாய் ஃபைவ் ஓ தொடரை 2010இல் திரும்ப எடுத்தபோது நான்கு முக்கிய வேடங்களில் இரண்டில் டேனியல் டே கிம், கிரேஸ் பார்க் என்ற இரண்டு கொரிய வம்சாவளி நடிகர்கள். போஸ்டரில் நால்வரும் சமமாக நின்றார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2017இல், வெள்ளை நடிகர்கள் இருவருக்கும் கிடைத்த சம்பளம் தங்களுக்கும் வேண்டும் என்ற பேச்சுவார்த்தை முறிந்து இருவருமே தொடரை விட்டு வெளியேறினார்கள். ஹவாயில் நடக்கிற கதை, ஆசிய வம்சாவளியினர் ஏராளமாக வாழ்கிற மண். போஸ்டரைப் பார்த்துவிட்டு மாற்றம் வந்துவிட்டது என்று கைதட்டுகிறவர்கள் அந்தச் சம்பளப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்த அடித்தளம். குஷ்னர் எவ்வளவு தோண்டினாலும் மாற்ற முடியாதது ஒன்று இருந்தது: புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் கத்தியோடுதான் கதைக்குள் வருகிறார்கள். 1957இல் அப்படி வந்தார்கள், 1961இல் அப்படித்தான், 2021இலும் அப்படித்தான். கல்லூரிக்குப் போகிற, தொழிற்சங்கம் கட்டுகிற, பத்திரிகை நடத்துகிற புவேர்ட்டோ ரிக்கோ நியூயார்க் ஒன்றும் அதே ஆண்டுகளில் இருந்தது. அதற்கு இந்தக் கதையில் இடமில்லை. குஷ்னர் எழுதியதில் ஷார்க்ஸ் பக்கத்து சினோ மட்டும் இரவு வகுப்பில் படிக்கிறான், அவன் கையிலும் கடைசியில் துப்பாக்கிதான். மேடையில் எழுதியவர்கள், முதல் படத்தை இயக்கியவர்கள், இரண்டாவதை எழுதி இயக்கியவர்கள் யாரும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து எழுத அழைக்கப்பட்டவர் 2009இல் மிராண்டா ஒருவர்தான், அதுவும் சில பாட்டுகளுக்கு மட்டும். நடிகர் தேர்வில் இவ்வளவு தூரம் போகத் தெரிந்தவர்களுக்கு, முப்பதாயிரம் வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருந்தவர்களுக்கு, ஒரு புவேர்ட்டோ ரிக்கோ எழுத்தாளரைத் தேடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அடுத்த முறை யார் இந்தக் கதையைத் தொட்டாலும், மரியாவாக யார் நடிக்கிறார் என்பதற்கு முன்னால் திரைக்கதை யாருடையது என்றுதான் நான் கேட்பேன்.